ஐம்பத்திரண்டு கிலோ குற்றவாளி

வேப்பூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தியை எடுத்துக்கொள்வோம். உயரம் 150 சென்டிமீட்டர், எடை 52 கிலோ. மக்காச்சோளக் கொல்லையில் கதிர் ஒடிப்பாள். கொல்லை வேலை ஓய்ந்தால் விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறையில் பலகை பலகையாய்ப் பொம்மை சுமப்பாள். எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் பிஎம்ஐ 23.1. உலக சுகாதார நிறுவனத்தின் பொதுக்கணக்கில் 25-க்குள் இருந்தால் சரியான எடை. இந்தியர்களுக்கான கணக்கில் 23-ஐத் தொட்டாலே அதிக எடை. ஆக, ஜெனீவாவில் ஆரோக்கியமாக இருந்தவள் வேப்பூர் கூட்டுரோட்டில் பஸ்ஸைவிட்டு இறங்கியதும் குண்டாகிவிடுகிறாள்! அவள் தூக்கிய சுமை தோளில் சதையாய்த் திரண்டிருந்தால் அதையும் கொழுப்பு என்றே தராசு எழுதிக்கொள்ளும். வயதாகிக் கூன் விழுந்து உயரம் குறைந்தால், ஒரு கிராம் ஏறாமலே குற்றம் கூடும்.

இந்த வகுத்தலைக் கண்டுபிடித்தவர் வைத்தியர் இல்லை. பெல்ஜியத்து வானியலாளர் அடால்ஃப் கெட்லே, 1830-களில், 'சராசரி மனிதன்' எப்படி இருப்பான் என்று தேடிப்போய்க் கண்டது. 1972-இல் அமெரிக்காவின் ஏன்சல் கீஸும் கூட்டாளிகளும் ஐந்து நாடுகளில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் அளவுகளை வைத்துச் சோதித்து, 'பாடி மாஸ் இண்டெக்ஸ்' என்று பெயர் வைத்தார்கள். அத்தனை பேரும் ஆண்கள். ஒரு பெண்கூட இல்லை. தூரம், பிள்ளைப்பேறு, மாதவிடாய் நிற்றல் எதையும் அறியாத உடம்புகளில் தேறிய கணக்கு, மூன்று பெற்று கர்ப்பப்பையையும் எடுத்துவிட்டு வந்து நிற்பவளுக்குத் தீர்ப்பு எழுதுகிறது. ஊர் உலகத்தின் போக்கைப் பார்க்க அது உதவும், மறுக்கவில்லை. எதிரே நிற்கும் ஒருத்தியைப் பார்க்க உதவுமா?

வெள்ளிக்கிழமை வேப்பூர் ஆட்டுச்சந்தைக்கு வாருங்கள். வாங்க வந்தவர் ஆட்டின் வாயைப் பிரித்துப் பல் பார்ப்பார். முதுகில் விரலை ஓட்டிச் சதைப்பிடிப்பைத் தடவுவார். மடியைப் பார்ப்பார், எத்தனை ஈத்து என்று கேட்பார். கிலோவை மட்டும் கேட்டுப் பணத்தை எண்ணுகிறவரைப் பார்த்துச் சந்தையே சிரிக்கும். ஆஸ்பத்திரியில் பெண்ணுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

"மூச்சு வாங்குதுங்க, படி ஏற முடியல."

"மெஷின்ல ஏறும்மா... வெயிட்டு ஜாஸ்தி. சோத்தைக் குறை."

முடிந்தது வைத்தியம். கண் இமையைக் கீழே இழுத்துப் பார்க்கக்கூட ஆள் இல்லை. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதத்தினருக்கு ரத்தசோகை. அதை எந்தத் தராசும் காட்டாது. ரத்தம் இல்லாதவளிடம் சோற்றைப் பிடுங்குவதற்குப் பெயர் ஆலோசனை!

அவளுக்குப் பின்னால் வரிசையில் நிற்பவள் 48 கிலோ, அதே உயரம். பிஎம்ஐ 21.3. "நீ ஒல்லிதானே, உனக்கெங்க சர்க்கரை வரப்போகுது?" என்று சிரித்து அனுப்புகிறார்கள். அவள் வயிற்றுக்குள் கொழுப்பு சுருண்டு படுத்திருப்பது யாருக்குத் தெரியும்? புனே மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் யுட்கினும் 2004-இல் லான்செட் இதழில் பக்கத்தில் பக்கத்தில் நின்று படம் எடுத்துப் போட்டார்கள். இருவருக்கும் பிஎம்ஐ 22.3. உடம்புக் கொழுப்போ யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. இந்தியர்களுக்கு எல்லையை இறக்கிவைத்ததன் நியாயம் இதுதான். ஆனால் எல்லையை எங்கே இறக்கினாலும், ஒல்லியாய் இருந்து ஏமாற்றுகிற உடம்பு அதற்குக் கீழேயும் நழுவிப் போகும். சினைப்பை நீர்க்கட்டியும் ஒல்லிப் பெண்ணை விலக்கி வைப்பதில்லை.

நமக்கு வழி தெரியாமல் இல்லை. கர்ப்பிணிகளின் சர்க்கரைக்காக வாழ்நாளெல்லாம் வாதாடியவர் சென்னை மருத்துவர் வி. சேஷய்யா. குண்டா ஒல்லியா என்று பார்க்காமல் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் சோதனை செய்யச் சொல்லி 2007-இல் தமிழ்நாடு அரசு ஆணையே போட்டது. 75 கிராம் குளுக்கோஸ் குடிக்கவைத்து, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள். அவ்வளவுதான். வயிற்றில் பிள்ளை இருக்கும்வரை அவளைச் சோதிக்கத் தெரிகிற நமக்கு, பிள்ளை இறங்கியதும் தராசு போதுமாகிவிடுகிறது. அந்த அக்கறை யாருக்காக இருந்தது என்று இப்போது புரிகிறதா?

பிஎம்ஐயை மட்டும் வைத்து உடல்பருமன் நோயை முடிவு செய்யாதீர்கள், இடுப்பையும் அளந்து பாருங்கள் என்று 2025 ஜனவரியில் லான்செட் ஆணையம் சொல்லிவிட்டது. இந்தியப் பெண்ணுக்கு எல்லை 80 சென்டிமீட்டர். தேவை ஒரு டேப். அதற்கும் கோப்பு நகர்ந்து டெண்டர் விட்டுத்தான் ஆக வேண்டுமென்றால், அதுவரை கடைத்தெரு டெய்லரைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். எனக்குத் தெரிந்து இந்தத் தாலுகாவில் பெண்களின் இடுப்பளவை ஒழுங்காக எழுதி வைத்திருக்கும் ஒரே பதிவேடு அவருடைய நோட்டுதான்.