இருபது மீட்டர் தண்ணீரைத் தாங்கும் கால்சட்டை

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் ரெவல்ஸ்டோக் என்றொரு மலையூர் இருக்கிறது. அதன் பக்கத்திலுள்ள கோப்லண்ட் மலையில் 1971-72 குளிர்காலத்தில் கொட்டிய பனி 24 மீட்டருக்கும் அதிகம். ஒரே குளிர்காலத்தில் கனடாவில் பதிவானதில் அதுதான் உச்சம். வேறு ஊராக இருந்தால் மக்கள் மூட்டை கட்டியிருப்பார்கள். ரெவல்ஸ்டோக்கிலோ டிரக்கின் முதுகில் ஸ்னோமொபைல் என்ற பனி வண்டியை ஏற்றிக்கொண்டு, இன்னும் கொஞ்சம் விழாதா என்று வானத்தைப் பார்க்கிறார்கள்.

கால்கரியில் வசிக்கும் திருப்பூர்ப் பொறியாளர் ஒருவரை, இந்தக் கட்டுரையாளருக்கு மைத்துனர் முறை, அலுவலக நண்பர்கள் அங்கே ஸ்னோமொபைல் ஓட்டக் கூப்பிட்டார்கள். மைத்துனரிடம் ஏற்கெனவே ஒரு பார்க்கா உண்டு. முழங்கால் வரை நீளம், உள்ளே வாத்து இறகு, தொப்பியைச் சுற்றி ரோமம். போட்டுக்கொண்டால் ஆளின் உயரமும் அகலமும் ஒன்றாகிவிடும். மைனஸ் முப்பது டிகிரியிலும் அவரைக் கைவிடாத கோட்டு. அதை ஏற இறங்கப் பார்த்த நண்பர், "இது பஸ்ஸுக்கு நிற்கிறவர்களுக்கான கோட்டு" என்றார்.

சுருக்கென்று இருந்தாலும் அதில் இயற்பியல் இருந்தது. எந்தக் கோட்டும் சூடு தருவதில்லை. சூட்டை உண்டாக்குவது உள்ளே இருக்கும் ஆள். கோட்டு அதைக் கொஞ்ச நேரம் போகவிடாமல் வைத்திருக்கிறது, அவ்வளவுதான். பஸ்ஸுக்கு நிற்கிறவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதால் உண்டாகும் சூடு குறைவு, தடித்த கோட்டு தேவை. ஆழ்பனியில் ஸ்னோமொபைல் ஓட்டுகிறவர் கதை வேறு.

இந்த வண்டியின் வரலாற்றில் உடைப் பிரச்சினை கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தது. கியூபெக்கின் வால்கூர் ஊரைச் சேர்ந்த ஜோசப்-அர்மான் பொம்பார்டியே, பனியில் சாலை அடைபட்டு, சின்ன மகனை மருத்துவமனைக்குக் கொண்டுபோக முடியாமல் பறிகொடுத்தவர். 1937-இல் அவர் கொண்டுவந்த பனி வண்டியில் ஏழு பேர் உட்காரலாம். மூடிய கூடு, கதவு, ஜன்னல் எல்லாம் இருந்தன. ஞாயிற்றுக்கிழமைச் சட்டையோடு ஏறி, கசங்காமல் இறங்கலாம். 1959-இல் அதே மனிதர் ஸ்கி-டூ என்ற சின்ன வண்டியை விற்பனைக்கு விட்டார். அதற்குக் கூடும் இல்லை, கூரையும் இல்லை. ஓட்டுகிறவரின் நெஞ்சுதான் முன்கண்ணாடி. அன்றிலிருந்து ஸ்னோமொபைல்காரர்கள் துணிக்கடையில் நிற்கிறார்கள்.

அந்த வண்டியைக் கொண்டே 1968 ஏப்ரலில் மின்னசோட்டாவின் ரால்ஃப் பிளேஸ்டெட் என்பவர் குழுவோடு வடதுருவம் போய்ச் சேர்ந்தார். தொழில், இன்சூரன்ஸ் விற்பது. வீடு வீடாக ஏறி இறங்கியவருக்கு வடதுருவம் பெரிய தூரமாகத் தெரிந்திருக்காது.

காற்றைப் பற்றி ஒரு கணக்கு. அண்டார்டிகாவில் 1940-களின் தொடக்கத்தில் பால் சைப்பிள், சார்லஸ் பாசெல் என்ற இருவர், ஒரு பிளாஸ்டிக் உருளையில் தண்ணீரை நிரப்பிக் காற்றில் தொங்கவிட்டு, அது உறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்தார்கள். காற்று வேகமானால் குளிர் எப்படிக் கூடுகிறது என்ற கணக்கு அங்கிருந்துதான் கிளம்பியது. கனடா 2001 முதல் பயன்படுத்தும் திருத்திய சூத்திரத்தின்படி, மைனஸ் 20 டிகிரியில் 50 கிலோமீட்டர் வேகக் காற்று பட்டால் தோலுக்கு அது மைனஸ் 35 போல. காற்றே இல்லாத நாளிலும் ஸ்னோமொபைல்காரர் அந்தக் காற்றைத் தன் செலவில் பெட்ரோல் போட்டு உண்டாக்கிக்கொள்கிறார்.

சமதளத்தில், செப்பனிட்ட பனிப்பாதையில் ஓட்டுகிறவருக்கு இந்தக் கணக்கு போதும். அவர் உட்கார்ந்தே போகிறார். கட்டைவிரல் மட்டும் வேலை செய்கிறது. கைப்பிடியில் மின்சூடு உண்டு. ஹெல்மெட் கண்ணாடியில் மூச்சு பட்டு உறையாமலிருக்க அதற்கும் வண்டியிலிருந்து ஒரு ஒயர். பஞ்சு வைத்த தடித்த உடை அவருக்குத்தான்.

மலைமேல் ஆழ்பனியில் போகிறவர் உட்காருவதே இல்லை. நின்றுகொண்டு, ஒரு காலைப் பலகையிலும் இன்னொன்றை ஆகாயத்திலும் வைத்து, வண்டியை ஒருபக்கம் சாய்த்தபடியே சரிவில் ஓட்டுகிறார். கொஞ்சம் தயங்கினால் வண்டி இடுப்பளவு பனியில் புதைந்துவிடும். வண்டியின் எடை ஏறத்தாழ 200 கிலோ. முதுகுப்பையிலிருந்து மண்வெட்டியை எடுத்துத் தோண்டி, மிதித்து, இழுத்து, பல்லைக் கடித்து வெளியே எடுக்க வேண்டும். நாலு பேர் சேர்ந்து இழுத்து வெளியே வந்த வண்டி, பத்தடி தள்ளி மறுபடி புதையும். இந்த வேலையை வாத்து இறகுக் கோட்டுக்குள் செய்தால் மைனஸ் இருபதிலும் வியர்வை ஆறாக ஓடும். வேலை முடிந்து சாண்ட்விச்சைப் பிரித்து நிற்கும்போது அந்த வியர்வை குளிரத் தொடங்கும். நனைந்த இறகு உப்பலை இழந்து சப்பிப்போகும். பனி மலையில் ஆளை உறையவைக்கும் தண்ணீரில் பாதி அவருடைய சொந்தத் தண்ணீர்.

இந்தச் சூட்சுமத்தை வடக்கின் இனுவிட் மக்கள் எப்போதோ தீர்த்துவிட்டார்கள். கரிபூ மானின் தோலில் இரண்டு அங்கிகள்: உள்ளங்கியின் ரோமம் உடலைப் பார்த்து, மேலங்கியின் ரோமம் வெளியே பார்த்து. தைப்பே தொளதொளவென்று, வேலை செய்து சூடேறினால் சூடான காற்று கழுத்து வழியே வெளியேறும், அல்லது ஒன்றைக் கழற்றிவிடலாம். நார்வேயின் ரோவால் அமுண்ட்சன் 1903 முதல் இரண்டு குளிர்காலம் நெட்சிலிக் இனுவிட் மக்களருகே தங்கி இதைக் கற்றார். 1911-இல் தென்துருவத்தை முதலில் தொட்டவர் அவர். இன்றைய கடைகள் மூன்று அடுக்கு என்று விளக்கப்படம் போட்டு விற்பது இதன் பேரப்பிள்ளை.

அடுக்குகளில் முதலாவது, தோலை ஒட்டிய உள்ளாடை. இங்கேதான் மைத்துனருக்குக் குடும்பத்தில் சிக்கல் வந்தது.

"கண்ணு, உள்ள நம்மூரு பனியன் போட்டிருக்கயா? ஒண்ணுக்கு ரெண்டாப் போட்டுக்க" என்றார் தொலைபேசியில் அம்மா.

"பருத்தி ஆகாதும்மா."

"என்னது, பருத்தி ஆகாதா? திருப்பூர்ல பொறந்துட்டுப் பேசற பேச்சா இது?"

அம்மாவின் கோபம் நியாயம்தான். வெயிலுக்குப் பருத்தியைப் போல வேறில்லை. வியர்வையைக் குடித்து, ஈரத்தை வைத்துக்கொண்டு, மெல்ல உலர்ந்து உடம்பைக் குளிர்விக்கிறது. பனியில் அதே குணம்தான் வினை. மெரினோ கம்பளி தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை இழைக்குள் வாங்கிக்கொண்டும் தொட்டால் ஈரமாகத் தெரியாது. பாலியஸ்டர் ஈரத்தை வாங்குவதே இல்லை, வெளிப்பக்கம் கடத்திவிடும். ஆனால் மாலையில் அறைக்குள் கழற்றும்போது நண்பர்கள் ஜன்னலைத் திறப்பார்கள்.

நார்வேயின் ராணுவ அதிகாரி ஹென்ரிக் புரூன் 1933-இல் ஒரு படி மேலே போனார். பழைய மீன்வலையில் பனியன் தைத்தார். பனியனில் துணியைவிட ஓட்டை அதிகம். ஓட்டைகளில் தங்கும் காற்றுதான் கதகதப்பு. வியர்வையும் தங்காமல் அதன் வழியே போய்விடும். அந்த ரகப் பனியன் இன்றும் காசுக்கு விற்கிறது. ஓட்டை விழுந்த பனியனைத் தரை துடைக்கப் போடுகிற வீட்டில் பிறந்த மைத்துனர் இந்தத் தகவலை ஊருக்குத் தெரிவிக்கவில்லை.

அம்மாவின் இன்னொரு யோசனை தேறியது. குரங்குக் குல்லா. ஹெல்மெட்டுக்குள் மெல்லிசான ஒன்றை மாட்டாமல் யாரும் மலையேறுவதில்லை. மார்கழி மாதத்து வாக்கிங் மாமாக்கள் இந்த ஒரு விஷயத்தில் கனடாக்காரர்களுக்குச் சமம்.

இரண்டாவது அடுக்கு ஃப்ளீஸ் என்ற மெத்தென்ற துணி. வண்டி ஓட்டும்போது மெல்லியது ஒன்று போதும். சாப்பிட நிற்கும்போது போட்டுக்கொள்ள, செயற்கைப் பஞ்சு வைத்த ஒன்று முதுகுப்பையில். இதில் பேச அதிகமில்லை.

மூன்றாவதுதான் விலையேறிய விவகாரம். தண்ணீர் புகாத துணி உலகத்துக்குப் புதிதல்ல. 1823-இல் ஸ்காட்லாந்தின் சார்லஸ் மெக்கின்டாஷ் இரண்டு துணிகளுக்கு நடுவே ரப்பரைப் பூசிக் காப்புரிமை வாங்கினார். 1877-இல் நார்வேயின் ஹெல்லி யுல் ஹான்சன் லினன் துணியை ஆளிவிதை எண்ணெயில் ஊறவைத்து மாலுமிகளுக்கு விற்றார். இரண்டிலும் வெளித் தண்ணீர் உள்ளே வராது, உள்ளே இருக்கும் தண்ணீரும் வெளியே போகாது. ஆள் மழையில் நனைவதற்குப் பதிலாக வியர்வையில் நனைவார்.

வழி திறந்தது ஒரு கோபத்தில். 1969-இல் அமெரிக்காவின் டெலவேரில் பாப் கோர் என்பவர், டெஃப்லான் வகைப் பொருளின் சூடேற்றிய கம்பிகளை மெதுவாக, பக்குவமாக இழுத்துப் பார்த்தார். ஒவ்வொன்றும் பட்டென்று அறுந்தது. வெறுத்துப்போய் ஒன்றைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தார். அது அறுபடாமல் சுமார் 800 சதவீதம் நீண்டது. நீண்டதில் கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான துளைகள். கோர்டெக்ஸ் என்ற பெயரில் 1976-இல் துணியாக வந்தது. அதன் ஒவ்வொரு துளையும் தண்ணீர்த் துளியைவிட 20,000 மடங்கு சிறியது, நீராவியின் மூலக்கூறைவிட 700 மடங்கு பெரியது என்பது அந்நிறுவனம் சொல்லும் கணக்கு. மழை வர முடியாது, வியர்வை ஆவியாகப் போகலாம்.

மைத்துனர் போன கடையில் ஒவ்வொரு உடையிலும் இரண்டு எண்கள் தொங்கின: 20,000, 20,000. விலையோ என்று அவர் பயந்தார். விலை அதற்குக் கீழே, அதைவிடக் கம்மியாக, ஆனால் அதே அளவு வலிக்கும்படி இருந்தது. முதல் எண் மில்லிமீட்டர்: துணிமேல் அவ்வளவு உயரத்துக்கு நீரை ஏற்றினாலும் கசியாது. அதாவது, 20 மீட்டர் தண்ணீரைத் தாங்கும் கால்சட்டை. ஆழ்கடலுக்கா போகிறோம் என்று கேட்கத் தோன்றும். ஆனால் ஈரமான இருக்கையில் முழு எடையையும் வைத்து உட்காருவதும், உருகும் பனியில் முழங்கால் ஊன்றித் தோண்டுவதும் துணிமேல் மழையைவிடப் பல மடங்கு அழுத்தத்தைக் கொடுக்கும். பின்புறமும் முழங்காலும்தான் முதலில் கசியும்.

இரண்டாவது எண் கிராம்: ஒரு சதுர மீட்டர் துணி ஒரு நாளில் வெளியே விடும் ஆவி. 20,000 கிராம் என்றால் 20 லிட்டர். இதை அப்படியே நம்ப வேண்டியதில்லை. ஆய்வகத்துக்கு ஆய்வகம் சோதிக்கும் முறை வேறு, ஒரு கம்பெனியின் இருபதாயிரத்தை இன்னொன்றின் பதினைந்தாயிரத்தோடு ஒப்பிடவே முடியாது. கடுங்குளிரில் ஆவி வெளியேறும் முன்பே துணியின் உள்பக்கத்தில் உறைபனியாகப் படிவதும் உண்டு. ஆகவே எண்ணைவிட ஜிப்பை நம்பலாம். அக்குளிலும் தொடையிலும் நீள ஜிப், உள்ளே வலை: திறந்தால் வியர்வை போகும். கையுறையோடு அந்த ஜிப்பைத் திறக்க முடிகிறதா என்று கடையிலேயே பார்த்துவிட வேண்டும். மைத்துனர் தடித்த கையுறையை மாட்டிக்கொண்டு, உடைமாற்றும் அறைக்கு வெளியே நின்று, தன் அக்குளோடு நெடுநேரம் போராடினார். கடைக்காரர் முகம் மாறவில்லை, பார்த்துப் பழகியவர்.

வாங்கியபின் இன்னொரு மூடநம்பிக்கை வரும்: துவைத்தால் கெட்டுவிடும் என்பது. இவ்வளவு விலை கொடுத்ததைப் பட்டுப்புடவை போல் பீரோவில் வைத்துக் கும்பிடுகிறவர்கள் உண்டு. உண்மை நேர் எதிர். மேல்துணியில் தண்ணீர் முத்து முத்தாக உருளுவதற்கு ஒரு பூச்சு இருக்கிறது. வியர்வை எண்ணெயும் வண்டிப் புகையும் படிந்தால் அது வேலை செய்யாது. மேல்துணி ஈரத்தில் ஊறி, உள்ளிருந்து ஆவி போகும் வழி அடைபடும். உடனே, "கோட்டு ஒழுகுகிறது" என்று கடைக்குச் சண்டைக்குப் போவார்கள். ஒழுகுவது கோட்டல்ல, அவர்கள்தான். துவைத்து, மிதமான சூட்டில் உலர்த்தினால் பெரும்பாலும் சரியாகும். பழைய பூச்சுகளில் இருந்த ஃபுளோரின் ரசாயனங்கள் மண்ணிலும் நீரிலும் அழியாமல் தங்குவதால் கலிபோர்னியா 2025 முதல் அவற்றைத் துணிகளில் தடைசெய்திருக்கிறது. கடுமழைக்கான உடைகளுக்கு மட்டும் 2028 வரை அவகாசம். புதிய பூச்சுகளை இன்னும் அடிக்கடி துவைக்க வேண்டியிருக்கும்.

நிறம்? அழகுக்கு அல்ல. மூடுபனியில் கூட்டாளி கண்ணில் பட ஆரஞ்சோ, கிளிப்பச்சையோ நல்லது. வெள்ளை வேண்டவே வேண்டாம். சில உடைகளில் ரெக்கோ என்ற சின்னப் பட்டை தைத்திருப்பார்கள். ஸ்வீடனில் பனிச்சரிவில் நண்பரை இழந்த மாக்னஸ் கிரான்ஹெட் உருவாக்கியது, மீட்புக்குழுவின் கருவி அனுப்பும் அலையைத் திருப்பி அனுப்பும். ஆனால் கூட்டாளிகள் உடனே தேட உதவுவது உடலில் கட்டிக்கொள்ளும் டிரான்ஸீவர்தான். இருபதாயிரம் எண்களுக்குச் செலவழித்துவிட்டு இதில் மிச்சம் பிடிப்பவரோடு மலைக்குப் போகக்கூடாது.

கடைசிக் கேள்வி: ஜாக்கெட்டும் தோள்வார் வைத்த கால்சட்டையும் தனித்தனியாகவா, இரண்டும் ஒன்றான மோனோசூட்டா? தலைகுப்புற விழுந்தால் இடுப்பு வழியே பனி புகாது என்பதற்காக ஆழ்பனிக்காரர்கள் பலர் மோனோசூட் பக்கம். பஞ்சு வைக்காத வெறும் ஓடு. நல்லதாக எடுத்தால் ஆயிரம் டாலரைத் தாண்டும். மைத்துனரும் அதையே எடுத்தார். இயற்கை அழைக்கும் நேரத்தை யாரும் அவருக்குச் சொல்லித்தரவில்லை.

முதலில் வண்டியோடு உடையை இணைக்கும் கயிற்றைக் கழற்ற வேண்டும். ஆள் விழுந்தால் இன்ஜினை நிறுத்துவது அதுதான். பிறகு பனிச்சரிவில் காற்றடைத்து மிதக்கவைக்கும் முதுகுப்பை: நெஞ்சுப்பட்டை, இடுப்புப்பட்டை, தொடைகளுக்கு நடுவே போகும் பட்டை. பிறகு கழுத்திலிருந்து கீழே போகும் நீண்ட ஜிப். நின்றபடி முடிகிற காரியம் என்றால் கீழிருந்து மேலாகத் திறக்கும் ஜிப் காப்பாற்றும். பெண்களுக்கான உடைகள் பலவற்றில் பின்புறம் மட்டும் திறந்து இறங்கும் ஜிப் வைத்திருக்கிறார்கள், புத்திசாலித்தனமான தையல். ஆண்களின் மோனோசூட்டில் உட்காரும் காரியம் என்றால் தோள் முதல் முழுக்க உரிக்க வேண்டும். அதற்கு ஒதுக்குப்புறமாகப் போகலாம் என்று வண்டியை விட்டு ஓரடி தள்ளி வைத்தால், கால் இடுப்புவரை உள்ளே போய்விடும்.

மைத்துனர் இதற்குத் தீர்வாகக் காலைக் காப்பியைப் பாதியில் நிறுத்தினார். உடல் வறண்டால் குளிர் இன்னும் சீக்கிரம் தாக்கும், தண்ணீர் குடி என்று நண்பர்கள் விடவில்லை. குடிக்கிறார். குடித்துவிட்டு, மலைப்பாதை தொடங்கும் முன் வரும் கடைசிப் பெட்ரோல் பங்கில் எல்லோருக்கும் முன்னால் இறங்கி, ஜிப்பைப் பாதி இறக்கிய நிலையிலேயே கழிப்பறைச் சாவியைக் கேட்கிறார்.