கார் வளையும்போது எழும் 'டக் டக்': அடி அண்ணாமலையை முன்னிட்டு ஒரு பரபக்கமும் சுபக்கமும்

எதிராளியின் வாதத்தை முதலில் முழுதாக எடுத்துவைத்துப் பிறகு மறுப்பது சைவ சாத்திர மரபு. அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரைப் பரபக்கம் (பிறர் கட்சி), சுபக்கம் (தன் கட்சி) என்று பகுத்தது அதனால்தான். வளைவில் கார் போடும் சத்தமும் அந்த மரியாதைக்கு உரியதே. முதலில் பரபக்கம். திருவண்ணாமலையில் மலையைச் சுற்றும் கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். அதன் மேற்குப் பகுதியில், வருணலிங்கத்தைத் தாண்டி வாயுலிங்கத்தை எட்டும் முன் அடி அண்ணாமலை என்ற ஊர் வருகிறது. மலையை வலப்பக்கம் வைத்தே சுற்ற வேண்டும் என்பதால் கார் ஓயாமல் வலப்பக்கமே வளைகிறது. வலப்பக்கம் வளையும் காரின் பாரம் இடப்பக்கம் சாய்கிறது. ஆகவே இடது முன்சக்கரத்தின் மூட்டு தேய்கிறது, தேய்ந்த மூட்டு கத்துகிறது. அப்படியானால் பழி மலைமேல்தான். கேட்பதற்கு அப்பழுக்கில்லாத வாதம். பக்தரும் மெக்கானிக்கும் ஒரே மேடையில் தலையாட்டக்கூடிய அபூர்வ வாதமும்கூட.

இனி கணக்கு. 14 கிலோமீட்டர் சுற்றளவுள்ள வட்டத்தின் ஆரம் ஏறத்தாழ 2.2 கிலோமீட்டர். அவ்வளவு பெரிய வட்டத்தில் ஒரு சின்ன கார் போக, முன்சக்கரம் ஒரு டிகிரியில் பத்தில் ஒரு பங்குகூடத் திரும்ப வேண்டியதில்லை. பழைய வண்டியின் ஸ்டீயரிங் பிளே அதைவிட அதிகம்; அதாவது மலை வளைக்கிறது என்பதே வண்டிக்குத் தெரியாது. பாதை உண்மையில் வட்டமில்லை, செங்கம் சாலையை விட்டு வலப்பக்கம் ஒடிக்கிறதே என்று கேட்கலாம். ஒடிக்கட்டும். எப்படி நெளிந்தாலும் புறப்பட்ட இடத்துக்குத் திரும்பும்போது கார் மொத்தத்தில் ஒரு முழு வட்டம்தான் திரும்பியிருக்கும். இடது, வலது சக்கரங்களுக்கு நடுவே 1.3 மீட்டர் இடைவெளி என்றால், ஒரு கிரிவலத்தில் இடது சக்கரம் வலதைவிட 8 மீட்டர் போலக் கூடுதலாக ஓடுகிறது. சக்கரத்தின் சுற்றளவு 1.7 மீட்டர் என்றால் இது ஏறக்குறைய ஐந்து சுழற்சி. புண்ணியக் கணக்கில் இடது சக்கரத்துக்கு இந்த ஐந்து சுற்று சேரலாம். தேய்மானக் கணக்கில் அது தூசு. ஒரு யூ டர்னில் ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்து ஆக்சிலேட்டரை மிதிக்கும் சில விநாடிகளில் மூட்டு படும் பாடு, மலை முழுவதையும் சுற்றினாலும் வராது. நம் ஊரில் இடப்பக்கம் ஓட்டுகிறோம், யூ டர்ன் எல்லாம் வலப்பக்கமே. இடது மூட்டின்மேல் சந்தேகம் கொள்ள மலை தேவையில்லை, மோட்டார் வாகன விதியே போதும்.

இனி சுபக்கம். மலை குற்றமற்றது என்றால் கத்துவது எது? முன்சக்கர இழுவைக் காரில் ஒரே சக்கரம் இழுக்கவும் வேண்டும், திரும்பவும் வேண்டும். கோணம் மாறினாலும் வேகம் மாறாமல் சுழற்சியைக் கடத்தும் மூட்டை ஆல்ஃபிரட் ஜெப்பா என்ற ஃபோர்டு பொறியாளர் 1926-இல் வடிவமைத்தார். ஒரு கிண்ணம், உள்ளே ஒரு குமிழ், இரண்டிலும் பள்ளங்கள், பள்ளங்களுக்கு நடுவே ஆறு எஃகுக் குண்டுகள். நம் பட்டறைகளில் இதுதான் சிவி ஜாயின்ட். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்த பிறகே நம் ஊர்த் தெருக்களில் இது பரவலானது. இதை மூடியிருக்கும் ரப்பர் பூட் கிழிந்தால் கறுப்பு கிரீஸ் வெளியே தெறிக்கும், மண்ணும் மழைத்தண்ணீரும் உள்ளே புகும், குண்டுகள் ஓடும் பள்ளத்தில் குழி விழும். நேர்ச்சாலையில் குண்டுகள் பெரிதாக நகர்வதில்லை. வளைவில்தான் பள்ளத்தின் நீளத்துக்கு முன்னும் பின்னும் ஓடி, குழியில் விழுந்து எழுகின்றன. அந்த விழுந்தெழுதலே 'டக் டக்'.

சித்தியார் சொல்லும் அளவைகளில், அதாவது உண்மையை அறியும் வழிகளில், காட்சி, கருதல், உரை என்ற மூன்று இங்கே போதும். காட்சி: சக்கரத்தின் உட்புற ரிம்மில் விசிறியடித்த கறுப்பு கிரீஸ். கருதல்: 'டக் டக்' எழும் வேகம் சக்கரத்தின் வேகத்தோடு கூடிக் குறைந்தால் அது சுழலும் உறுப்பிலிருந்தே வரவேண்டும். காலி மைதானத்தில் ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்து மெதுவாக ஒரு வலச் சுற்று, ஒரு இடச் சுற்று. இந்த அப்பிரதட்சணம் மலையைச் சுற்றி அல்ல என்பதால் தோஷமில்லை. வலச் சுற்றில் கத்தினால் இடது மூட்டு, இடச் சுற்றில் கத்தினால் வலது மூட்டு என்பது மெக்கானிக்குகளின் உரை. இதற்கு வலுவான ஆட்சேபம் உண்டு. டிஃபரன்ஷியல் இரு பக்கமும் சமமாகவே விசை பிரிக்கிறது, உட்பக்கச் சக்கரம்தான் கூடுதல் கோணத்தில் திரும்புகிறது; வெளிப்பக்கத்தை மட்டும் பழிப்பது எப்படி நியாயம்? நியாயமில்லைதான். ஆகவே உரையை நம்பி ஒரு பக்கத்தை மட்டும் கழற்றாமல் இரண்டு பக்க ரப்பர் பூட்டையும் குனிந்து பார்ப்பது நலம். மூன்று அளவைகளும் முரண்பட்டால் கிழிந்த ரப்பர் சொல்வதே தீர்ப்பு.

அம்பாசடரும் கத்துகிறதே என்பது அடுத்த ஆட்சேபம். அது பின்சக்கர இழுவை. அதன் முன்சக்கரத்தில் இந்த மூட்டே கிடையாது, சத்தத்துக்கு வேறு இடம் தேட வேண்டும். நின்ற காரில் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது ஒரே ஒரு 'டொக்' கேட்டால் சந்தேகம் ஷாக் அப்சார்பரின் மேல் மவுண்டிங்குக்குப் போகும். வேகத்தடையில் மட்டும் கேட்டால் லிங்க் ராடு, லோயர் ஆர்ம் புஷ் பக்கம். பௌர்ணமி இரவில் அடி அண்ணாமலையில் இந்த ஓசை கேட்பதே இல்லையே, நிலவுக்கும் மூட்டுக்கும் தொடர்பு உண்டோ என்று வினவுவோரும் இருக்கலாம். உண்டு: அன்று கிரிவலப் பாதையில் கார்களை விடுவதில்லை.

கடைசியாக, புது கிரீஸ் அடைத்தால் சரியாகிவிடும் என்ற கட்சி. பூட் கிழிந்து, ஓசை இன்னும் எழாத நிலையில் அவர்கள் சொல்வது சரி: மூட்டைக் கழற்றி, மண் போகக் கழுவி, மாலிப்டினம் கலந்த கிரீஸ் வைத்து, புது பூட் மாட்டினால் வண்டி பல காலம் ஓடும். ஓசை எழுந்தபின் அந்த வைத்தியம் செல்லாது. எஃகில் விழுந்த குழி கிரீஸால் தூராது, சத்தம் சில நாள் அடங்கி மறுபடி வரும். அப்போது ஜாயின்டையோ முழு ஆக்சிலையோ மாற்றுவதே வழி. ஓடுகிறவரை ஓடட்டும் என்று விட்டால் ஒருநாள் மூட்டு உடையும். எஞ்சின் உறுமும், கியர் விழும், வண்டி நகராது. மாற்றும்போது பூட்டின் கிளிப் சரியாக இறுகியிருக்கிறதா என்று நின்று பார்க்க வேண்டும். அதற்குப் பதில் கட்டுக்கம்பியை முறுக்கிவிடும் பட்டறைகள் உண்டு. கம்பி ரப்பரை அறுக்கும், கிரீஸ் மறுபடி ரிம்மில் தெறிக்கும், அடுத்த ஆக்சிலுக்கும் நாம்தான் பணம் எண்ண வேண்டும்.