தபாலில் வந்த வியாதி

சில வியாதி கொசுவால் வரும், சில தண்ணீரால் வரும். இது தபாலில் வந்தது.

1968 ஏப்ரலில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் ஒரு கடிதம் வெளியானது. எழுதியவர் அமெரிக்காவில் குடியேறிய சீன டாக்டர், ராபர்ட் ஹோ மான் குவோக். சங்கதி இவ்வளவுதான்: சீன ஹோட்டலில் உட்கார்ந்து முதல் ஐட்டம் உள்ளே போன கால்மணி, இருபது நிமிஷத்தில் பிடரி மரத்துப்போகிறது, மரப்பு கைக்கும் முதுகுக்கும் இறங்குகிறது, உடம்பு துவள்கிறது, நெஞ்சு படபடக்கிறது. இரண்டு மணி நேரத்தில் சரியாகிவிடுகிறது. காரணம் சோயா சாஸா, சமையலில் ஊற்றும் ஒயினா, உப்பு தூக்கலா, இல்லை மோனோசோடியம் குளுட்டமேட்டா, யாராவது பார்த்துச் சொல்லுங்களேன் என்று மனுஷன் தன்மையாகத்தான் கேட்டிருந்தார். பத்திரிகை சூட்டிய தலைப்போ 'சீன ஹோட்டல் நோய்'. அவ்வளவுதான். சோயா சாஸும் ஒயினும் ஜாமீனில் வெளியே வந்தன. குளுட்டமேட் மாட்டிக்கொண்டது.

மாட்டிய ஆள் வேறு யாருமில்லை, நம்மூர் ஃபாஸ்ட்ஃபுட் வண்டியில் அஜினோமோட்டோ என்ற பெயரில் வேலை பார்க்கும் வெள்ளைப் பொடிதான். பிறந்த ஊர் டோக்கியோ. கொம்பு என்ற கடற்பாசி போட்ட சாறு மட்டும் ஏன் இப்படி நாக்கைச் சுண்டி இழுக்கிறது என்று 1908இல் இகேடா கிகுனே என்ற வேதியியல் பேராசிரியருக்குக் குடைச்சல். 12 கிலோ பாசியைக் காய்ச்சி, வடித்து, கடைசியில் 30 கிராம் குளுட்டமிக் அமிலத்தைத் தேற்றினார். (வீட்டில் என்ன சொன்னார்களோ, பாவம்.) அந்த ருசிக்கு உமாமி என்று பேர் வைத்தார். அடுத்த வருஷமே சுஸுகி சபுரோசுகே என்ற வியாபாரி அதைக் கடைக்குக் கொண்டுவந்துவிட்டார். ஊர் வாய் சும்மா இருக்குமா? பாம்பை அரைத்துச் செய்கிறார்கள் என்று கிளப்பிவிட்டார்கள். கோதுமைப் பசையிலிருந்து எடுத்த சரக்குக்கு, பாம்பு இல்லை சாமி என்று கம்பெனி பேப்பரில் விளம்பரம் கொடுக்க வேண்டியதாயிற்று.

பாம்பிடம் தப்பியது, எலியிடம் சிக்கியது. 1969இல் ஜான் ஓல்னி என்ற அமெரிக்க ஆய்வாளர், பிறந்து சில நாளே ஆன எலிக்குஞ்சுகளுக்குத் தோலுக்கடியில் குளுட்டமேட் ஊசி போட்டார். மூளையில் ஹைப்போதலாமஸ் பக்கம் செல்கள் செத்தன. வளர்ந்த எலிகள் குண்டடித்தன. பொய்யில்லை, நடந்ததுதான். ஆனால் டோஸைப் பாருங்கள்: உச்சத்தில், எடை கிலோவுக்கு 4 கிராம். 60 கிலோ ஆசாமிக்குக் கணக்குப் போட்டால் 240 கிராம். கால் கிலோவுக்குப் பத்து கிராம்தான் குறைச்சல், அதுவும் ஊசியில்! ஃப்ரைடு ரைஸை யாரும் தோலுக்கடியில் குத்திக்கொள்வதில்லை. வாய்வழியே போனால் குடல் செல்களே பெரும்பகுதியைத் தங்கள் செலவுக்கு எரித்துக்கொள்கின்றன. மிச்சம் ரத்தத்துக்கு வந்தாலும் மூளை வாசலில் நிற்கும் தடுப்பு லேசில் உள்ளே விடாது. தாய்ப்பாலிலேயே தாராளமாக இருக்கும் வஸ்து இது. குழந்தை உணவு கம்பெனிகளோ பயந்துபோய்த் தங்கள் டப்பாவிலிருந்து அதைத் துரத்தின. தாய்மார்கள் ஃபார்முலாவை மாற்றவில்லை.

2000இல், 'எனக்கு இது ஒத்துக்காது' என்று கை தூக்கிய 130 பேரை வைத்து, எது பொடி எது டம்மி என்று சொல்லாமல் நடத்திய சோதனை ஒன்று வெளியானது. வெறும் வயிற்றில் 5 கிராம் வரை கொடுத்தார்கள். டம்மியைக் குடித்துவிட்டே சிலருக்குப் படபடத்தது. திரும்பத் திரும்பச் சோதித்ததில் சொன்ன சொல்லில் நின்றவர்கள் 2 பேர். சாப்பாட்டோடு கலந்து கொடுத்ததும் அவர்களும் தடுமாறினார்கள்.

கூத்து இதோடு தீரவில்லை. 2018இல் ஹோவர்ட் ஸ்டீல் என்ற வயதான எலும்பு டாக்டர், அந்தக் கடிதமே 10 டாலர் பந்தயத்துக்காக நான் எழுதிய டுபாக்கூர், குவோக் என்று ஒரு ஆளே கிடையாது என்றார். தோண்டிப் பார்த்தால் குவோக் அசல் ஆள், 2014இல்தான் காலமாகியிருந்தார், குடும்பத்தாரும் கடிதம் அவருடையதுதான் என்றார்கள். ஆக, கடிதத்துக்கு இரண்டு பேர் சொந்தம் கொண்டாடியாயிற்று. தலைப்புக்கு மட்டும் யாரும் போட்டிக்கு வரவில்லை.