குழலை அளந்தீர்களா?

(வாசகர் கேள்விகள்)

கே: லண்டனில் இருக்கும் என் அண்ணன் லைசென்ஸோடு பழைய .303 லீ-என்ஃபீல்டு வைத்திருக்கிறார். தானே வார்த்த ஈயக் குண்டு போட்டால் குறி கண்டபடி தப்புகிறதாம். துப்பாக்கிக்கு வயதாகிவிட்டதா? – திருச்சி வாசகர்

ப: துப்பாக்கியைத் திட்டாதீர்கள். அண்ணன் குழலை அளந்தாரா? அதைச் சொல்லுங்கள் முதலில்! .303 அங்குலம் என்பது குழலுக்குள் இருக்கும் மேடுகளுக்கு இடைப்பட்ட விட்டம். சுருண்டு ஓடும் பள்ளங்களின் அடிவரை அளந்தால் .314 பக்கம் வரும். போர்க்கால அவசரத்தில் கடைந்த குழல்களில் .316கூட உண்டு. அதற்குள் .311 குண்டைப் போட்டால் சுற்றிலும் சந்துதான். சூடான வாயு அந்தச் சந்தில் பீறிட்டு, ஈயத்தை அரித்து, குழல் சுவரில் அப்பிவிடும். செம்புக்கலவை உறை போட்ட குண்டு அதைத் தாங்கும். வெறும் ஈயம் தாங்காது. பள்ளத்தில் பிடிமானம் இல்லாத குண்டு ஒழுங்காகச் சுழலாமல் குட்டிக்கரணம் அடித்துப் போகும். இலக்கு அட்டையில் ஓட்டை வட்டமாக இல்லாமல் நீளமாக விழுந்திருந்தால் அதுதான் சாட்சி.

நான் எப்போதும் சொல்வதுதான்: உலோகத்தில் பொறித்த எண்ணை நம்பாதே, அளவுகோலை நம்பு. தோட்டா இல்லாத குழலில் எண்ணெய் தடவி, மெத்தென்ற தூய ஈயத் துண்டு ஒன்றைத் தட்டி இறக்கி, கம்பியால் மெல்லத் தள்ளி வெளியே எடுக்கச் சொல்லுங்கள். குழலின் பள்ளமெல்லாம் அதில் பளபளவென்று முகடாகப் பதிந்திருக்கும். ஆனால் லீ-என்ஃபீல்டில் பெரும்பாலும் 5 பள்ளம்! முகட்டுக்கு நேரெதிரே முகடு வராது, மைக்ரோமீட்டர் விழிக்கும். மெல்லிய தகட்டை ஒரு சுற்று இறுக்கிச் சுற்றி அளந்து, தகட்டின் தடிமனை இருமுறை கழித்தால் கணக்கு சரி. எவ்வளவு அழகான வேலை! வந்த அளவைவிட அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கோ இரண்டு பங்கோ பெரிய குண்டு வேண்டும். அந்தத் தோட்டா அறைக்குள் தடையில்லாமல் நுழைய வேண்டும். இறுக்கமாக இருந்தால் சுடவே கூடாது.

கே: மினியே குண்டைக் கண்டுபிடித்தவர் யார்? – சேலம் வாசகி

ப: மினியே. பிரெஞ்சுக்காரர், 1849.

கே: சின்னக் குண்டு தானாகப் பெருத்துக் குழலை நிரப்பாதா? – நெல்லை வாசகர்

ப: பெருத்ததே! மினியே செய்ததே அதுதான். குண்டின் அடியைக் குடைந்தார். வாயு உள்ளே புகுந்ததும் ஓரம் விரிந்து பள்ளத்தைக் கவ்வியது. 1853 என்ஃபீல்டின் குழல் .577, அதன் குண்டைப் பின்னாளில் .550 வரை குறைத்தார்கள். கரி படிந்த குழலிலும் வாய்வழியே சுலபமாக இறங்கும், சுட்டதும் நிரம்பும். மெத்தென்ற ஈயத்தால்தான் இது முடியும். வெள்ளீயமும் ஆன்டிமனியும் கலந்து கெட்டியாக்கினால் விரிய மறுக்கும்.

கே: பெரிய குண்டு வார்க்கும் அச்சு வாங்கக் காசில்லை என்றால்? – ஈரோடு வாசகர்

ப: சந்தை நிரப்பச் சின்னக் குண்டின் மேல் காகிதம் சுற்றட்டும். 1871இல் பிரிட்டிஷ் ராணுவம் ஏற்ற மார்ட்டினி-ஹென்றியின் குண்டே காகிதம் சுற்றியதுதான்.

கே: அமெரிக்காவில் மருமகன் கார் ஷெட்டில் ஈயம் உருக்குகிறார். 2 வயதுப் பேத்தி அங்கேயே தவழ்கிறாள். பரவாயில்லையா? – கோவை வாசகி

ப: கூடாது அம்மா. இன்றைக்கே போன் போடுங்கள். குழந்தையின் ரத்தத்தில் இவ்வளவு ஈயம் இருந்தால் ஆபத்தில்லை என்று சொல்ல ஓர் அளவே கிடையாது. அது வளரும் மூளையைத் தாக்கும். ஈயம் 327 டிகிரி செல்சியஸில் உருகும். மேலே மிதக்கும் சாம்பல்நிறக் கசடை வழிக்கும்போது பறக்கும் தூள்தான் பெரிய எமன். தரையில் படியும், அவள் கையில் ஒட்டும், வாய்க்குப் போகும். அடுப்பை அவள் வராத இடத்துக்கு மாற்றட்டும், காற்றோட்டம் இருக்கட்டும். வேலை முடிந்ததும் குளித்து, உடை மாற்றி, அந்த உடையைத் தனியே துவைத்த பிறகுதான் அவளைத் தூக்க வேண்டும். ஷெட் தரையைக் கூட்டாமல் ஈரத்துணியால் துடைக்கட்டும். பேத்திக்கு ரத்தப் பரிசோதனையும் செய்துவிடுங்கள்.