அடுப்பண்ணை

கோடை முழுவதும் அவர் வெறும் மனிதர். கோயில் தேருக்கு வருவார், வடம் பிடிப்பார், மோர் குடிப்பார், போய்விடுவார். ஒக்டோபரில் முதல் குளிர் கடித்ததும் அவர் அடுப்பண்ணை ஆகிவிடுவார். பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் வேண்டும். எங்கள் கைத்தொலைபேசிகளில் அது இல்லை. ஒஸ்லோவில் ஒருவர் என்றால் பேர்கனிலும் ஒருவர் இருப்பார். நோர்வேயில் நாலு தமிழ்க் குடும்பம் சேர்ந்து பொங்கல் வைக்கிற ஊர் எதுவும் அடுப்பண்ணை இல்லாமல் இல்லை.

"அண்ணை, கரண்ட் பில் தாங்கேலாமல் கிடக்கு. சின்னதா ஒரு விறகடுப்பு..." என்று நான் இழுத்ததுதான் தெரியும். அரை மணித்தியாலத்தில் வாசலில் நின்று சப்பாத்துப் பனியைத் தட்டிக்கொண்டிருந்தார். பிள்ளைகள் எப்படி என்று கேட்கவில்லை. முகட்டை அண்ணாந்து பார்த்தார்.

"எத்தனை சதுர மீற்றர்?"

"ஐம்பத்தஞ்சு."

ஒப்பாரிக்கு வந்தவர் போலத் தலையை ஆட்டினார்.

எனக்கு ஒன்பது கிலோவாற் அடுப்பில் ஒரு கண் இருந்தது. சோற்றுப் பானையோ கலியாண மண்டபமோ, 'எதுக்கும் கொஞ்சம் பெரிசா எடுப்பம்' என்பது எங்கள் குலதருமம். அடுப்பண்ணை அந்தக் குலதருமத்தின் பரம வைரி. "காய்ஞ்ச விறகு ஒரு கிலோவில நாலு கிலோவாற் மணி இருக்கு. புகையோட போறது போக மூண்டு மிஞ்சும். உம்மட வீட்டுக்கு மணிக்கு அவ்வளவுதான் வேணும். ஒரு கட்டை, தம்பி, ஒரே ஒரு கட்டை! ஒன்பதை வாங்கினீர் எண்டால் தை மாசத்தில யன்னலைத் திறந்துபோட்டு பெனியனோட இருப்பீர்."

"காற்றை அடைச்சு, மெதுவா எரிய விட்டால்?"

கேட்டிருக்கக் கூடாது. தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். காற்று இல்லாமல் புழுங்குகிற நெருப்பு தார் கக்குமாம்; அந்தத் தார் புகைபோக்கியின் உட்சுவரில் படியுமாம்; ஒருநாள் அது தீப்பிடித்தால் உள்ளே ஆயிரம் பாகை வெக்கையாம். அவர் சொன்ன விதத்தில், அடுப்பே இல்லாத என் வீட்டில் புகை மணத்தது. "முதலில ஃபையரைக் கூப்பிடும்" என்று முடித்தார். தீயணைப்புப் படையைச் சொல்கிறார் என்று பதறிப்போனேன். நோர்வே மொழியில் 'ஃபையர்' என்றால் புகைபோக்கி துடைக்கிறவர். ஆனால் அவர் வருவதும் தீயணைப்புத் திணைக்களத்திலிருந்துதான், ஆகவே பதறினதில் பெரிய பிழையில்லை.

எரிச்சல் என்னவென்றால், அவர் சொல்வது எல்லாமே சரி. 1998க்குப் பிறகு வந்த அடுப்புகள் புகையையும் சேர்த்து எரிப்பவை, பழசை மலிவு என்று வாங்காதே என்பார்; பேர்கனில் பழசுகளை 2021இலிருந்து எரிக்கவே விடுவதில்லை. கதவுக்கு முன்னால் முப்பது சென்ரிமீற்றருக்கு எரியாத தட்டு போடு என்பார். மாக்கல் போர்த்த அடுப்பு எடுத்தால் நெருப்பு அணைந்த பிறகும் சூடு நிற்கும் என்பார். தமிழ்நாட்டில் கல்சட்டி செய்கிற அதே மாக்கல்தான். கடைசியில் குசினிக்குள் போய், அடுப்புக்கு மேலே இருக்கிற விசிறியைப் போட்டுப் பார்த்துவிட்டு, "புட்டு அவிக்கேக்க இதைப் போட்டால் புகை முழுக்க ஹோலுக்க வரும். வெளிக்காற்றுக் குழாய் உள்ள அடுப்பா எடும், இல்லாட்டிப் புட்டை விடும்" என்றார். மனிசி என்னை ஒரு பார்வை பார்த்தாள். புட்டை விடுவதாக இல்லை.

இவ்வளவு ஞானமும் எங்கிருந்து வந்தது? எண்பதுகளின் கடைசியில் வடக்கே ஃபின்மார்க்கில் மீன் வெட்டப் போனவர் அவர். அங்கே பக்கத்து வீட்டுக் கிழவர் விறகு அடுக்குகிற அழகைப் பார்த்து விழுந்தவர், இன்னும் எழும்பவில்லை. லார்ஸ் மித்திங் 2011இல் விறகைப் பற்றி எழுதிய புத்தகம் அவர் வீட்டில் சாமிப்படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. 2013 பெப்ரவரியில் அரச தொலைக்காட்சி விறகுக்கென்றே பன்னிரண்டு மணித்தியால நிகழ்ச்சி போட்டது. அதில் பெரும்பகுதி ஓர் அடுப்பு எரிவதை அப்படியே காட்டியதுதான். அண்ணை முழுவதையும் பார்த்தார். கட்டையின் பட்டை மேலே இருக்க வேண்டும் என்று ஒரு பகுதியும் கீழே இருக்க வேண்டும் என்று மற்றப் பகுதியும் நிலையத்துக்கு முறையிட்டார்கள். இரண்டாகப் பிரிவதற்கு எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டுமா? அண்ணை அன்றிலிருந்து மேற்பட்டைக் கட்சி. அவருடைய மச்சான் கீழ்ப்பட்டை. இரண்டு பேரையும் ஒரே பிறந்தநாள் விழாவுக்குக் கூப்பிடுவதில் இன்றுவரை கவனமாக இருக்கிறோம்.

யாழ்ப்பாணத்திலிருந்து அம்மா வீடியோவில் வந்தாள். இருபதாயிரம் குரோணருக்கு அடுப்பு வாங்கப்போகிறேன் என்றதும் கொஞ்ச நேரம் பேச்சில்லை. "காஸ் அடுப்பு வாங்கித்தாங்கோ எண்டு நான் முப்பது வருசம் உன்ர கொப்பரோட சண்டை பிடிச்சனான். நீ விறகடுப்பைக் கொண்டுபோய் ஹோலுக்கை வைக்கப்போறியோ?"

அண்ணை தொலைபேசியை என் கையிலிருந்து வாங்கினார். "அம்மா, நீங்கள் நெருப்பை எப்பிடி மூட்டுறனீங்கள்?"

"பன்னாடையும் பொச்சுமட்டையும் கீழ, விறகு மேல. வேற எப்பிடி?"

"இஞ்ச பெருங்கட்டை கீழ, சிராய் மேல. மேலயிருந்து கீழ எரிஞ்சு வரும், புகை குறைவு."

"ஆர் தம்பி இது?" என்று அம்மா என்னைக் கேட்டாள். "விசரோ?"

அண்ணை கோபிக்கவில்லை. பெரிய விஞ்ஞானிகளுக்கெல்லாம் நடந்ததுதான் என்கிற சாந்தம் முகத்தில் தெரிந்தது.

புறப்படும்போதுதான் நான் முந்தி வாங்கிவைத்திருந்த விறகுச் சாக்கைக் கண்டார். பெற்றோல் நிலையத்தில் மலிவாகக் கிடைத்தது. மேலங்கிப் பையிலிருந்து ஒரு கருவியை எடுத்தார். இரண்டு ஊசி, ஒரு சின்னத் திரை. நடுவே பிளந்த கட்டையில் ஊசியைக் குத்தி, வைத்தியர் காய்ச்சல் பார்க்கிற மாதிரிக் காத்திருந்தார். ஈரம் இருபதுக்குக் கீழே நிற்க வேண்டுமாம். இருபத்தேழு.

"இது விறகில்லைத் தம்பி. மரக்கறி."

கை சும்மா இருக்கவில்லை. கதவு நிலையில் குத்தினார்: பதினொன்று. கதிரைக் கைப்பிடியில் குத்தினார்: பத்து. பிறகு குனிந்து, மனிசியின் சீதன மேசைக் காலில் குத்தினார். திரையைப் பார்த்த முகம் அப்படியே மலர்ந்துவிட்டது.

"ஒன்பது! சோக்கான சாமான். தேக்கோ?"

மனிசி ஒன்றும் பேசாமல் வந்து, மேசை விரிப்பை இழுத்துக் காலை மூடினாள்.