பாட்டைப் படிக்காமல் பாராட்டுவது எப்படி?

தமிழ்நாட்டில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த எவரையும் நள்ளிரவில் எழுப்பி ஒரு கவிதையைக் கையில் கொடுங்கள். நயம் பாராட்டிவிடுவார். கண்ணைத் திறக்கக்கூட வேண்டாம்.

முறை அத்தனை பக்குவமானது. 'மையக்கருத்து' என்று தலைப்புப் போடு. அடிக்கோடு இழு. கவிஞர் மிக அழகாகக் கூறியுள்ளார் என்று எழுது. எதை என்று யாரும் கேட்கப்போவதில்லை. எதுகை என்றால் வைகையைக் கொண்டுவா. மோனை என்றால் பானையைக் கொண்டுவா. சந்தம் என்றால் சொந்தம் கொண்டாடு. வைகையில் தண்ணீர் வருகிறதோ இல்லையோ, விடைத்தாளில் வருடாவருடம் வெள்ளம்.

அணிக்கு வைத்திருக்கும் வாசகம்தான் உச்சம். அணியில்லாத கவிதை வேலையில்லாத பெண்ணுக்குச் சமமாம். 17 வயதுப் பெண் இதை உருப்போட்டு எழுதுகிறாள். அடித்துத் திருத்த வேண்டிய சிவப்பு மை, சரி போட்டுவிட்டுப் போகிறது. வேலை கொடுக்காதவனுக்கு என்ன உவமை? எந்தக் கையேட்டிலும் காணோம்.

பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் ஒப்பாரியைக் கேள்வித்தாளில் போட்டுப் பாருங்கள். அதற்கும் இதே பதில்தான். ஓசை இனிமை. சொல் அழகு. கற்பனை வளம். இழவு வீட்டு வாசலில் நின்று 'அருமை, அருமை' என்று கை தட்டப் பிள்ளைகளைப் பழக்கிவிட்டு, அதற்கு இலக்கியக் கல்வி என்று பெயரும் வைத்திருக்கிறோம். புதுக்கவிதை வந்தால் இன்னும் கூத்து. எதுகையே வேண்டாமென்று வெளியேறிய கவிதைக்குள் பிள்ளை எதுகை தேடுகிறது. தேடினால் ரேஷன் கார்டிலும் கிடைக்கும்.

இதே மொழியில்தான் தொல்காப்பியம் செய்யுளுக்கு 34 உறுப்பு சொன்னது. போதாதென்று மெய்ப்பாட்டியல் என்று தனி இயலே வைத்து, நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டை அடுக்கியது. நம் பிள்ளைகளிடம் மிஞ்சியிருப்பது அச்சம் ஒன்றுதான். அதற்கும் பாட்டு காரணமில்லை. மதிப்பெண்.

முறையே கூடாது என்று யார் சொன்னது? சி.சு. செல்லப்பா 1959இல் 'எழுத்து' இதழைத் தொடங்கி, கைக்காசைக் கரைத்து, வரிவரியாக அலசும் விமர்சனத்துக்காக மல்லுக்கட்டினார். அவரும் முறை பேசியவர்தான். ஆனால் அவருடைய முறையில் முதலில் பாட்டைப் படித்தாக வேண்டும். அங்கேதான் நமக்குக் கட்டுப்படியாகவில்லை.

ஆசிரியரை மட்டும் திட்டிப் பயனில்லை. அவர் தலைக்கு மேல் தேர்ச்சி விழுக்காடு தொங்குகிறது. மீளாய்வுக் கூட்டத்தில் எத்தனை பேர் தேறினார்கள் என்று கேட்பார்கள். எத்தனை பேர் ஒரு கவிதையிலாவது மனம் தோய்ந்தார்கள் என்று கேட்கிற அதிகாரி இனிமேல்தான் பிறக்க வேண்டும். திருத்தும் மையத்தில் கட்டுக்கட்டாகத் தாள் குவிந்து கிடக்கும்போது தலைப்பு இருக்கிறதா, அடிக்கோடு இருக்கிறதா என்றுதான் கண் ஓடும்.

2004இல் செம்மொழித் தகுதி வாங்கினோம். 2010இல் கோவையில் மாநாடு நடத்தினோம். குமரிக்கடலில் வள்ளுவரை 133 அடிக்கு நிறுத்தியிருக்கிறோம். மேடையில் தமிழ் உயிர், மூச்சு, இன்னும் என்னென்னவோ. கேள்வித்தாளுக்கு வந்தால் வெறும் விண்ணப்பப் படிவம். பூர்த்தி செய்து கொடுத்தால் போதும்.

எங்கோ ஒருத்தி, 'இந்தத் தாய் மூன்றாவது வரியில் ஏன் பேச்சை நிறுத்திவிட்டாள்?' என்று எழுதிவைக்கிறாள். அவள் மட்டும்தான் பாட்டைப் படித்திருக்கிறாள். விடைக்குறிப்பில் அது இல்லை. மதிப்பெண்ணும் இல்லை. மறுகூட்டலுக்கு விண்ணப்பிக்கலாம். கட்டணம் உண்டு. கூட்டிப் பார்ப்பார்கள். படித்துப் பார்க்க மாட்டார்கள்.