இரண்டாவது லேப்டாப்

வீட்டில் லேப்டாப் இருக்க, நெட்புக் எதற்கு? சின்ன வீடு வைத்திருப்பவர் சொல்லும் பதில்தான்: பெரியதை எல்லா இடத்துக்கும் கூட்டிப்போக முடியவில்லை.

2007-இல் வந்த ஆசுஸ் ஈ பிசி என்ற நெட்புக்குக்கு 7 அங்குலத் திரை, ஒரு கிலோகூடத் தேறாத எடை. கொடுங்கையூரிலிருந்து பாரிமுனைக்குப் பஸ்ஸில் நின்றபடி போகிறவருக்கு வரப்பிரசாதம், திறக்க மட்டும் இடம் கிடைத்தால். பின்னாளில் நெட்புக்கோடு வந்த விண்டோஸ் 7 ஸ்டார்ட்டரிலோ வால்பேப்பரைக்கூட மாற்ற முடியாது. 2011-இல் ஜெயலலிதா அரசு மாணவர்களுக்குக் கொடுத்த இலவச லேப்டாப்பிலும் மூடியிலிருந்த அம்மா படம் மாறாதுதான். ஆனால் அது 14 அங்குலம், ஓசி வேறு. நெட்புக்கைக் காசு கொடுத்து வாங்கிய அண்ணன், ப்ளஸ் டூ தங்கையிடம் இரவல் கேட்க வேண்டியதாயிற்று.

டேப்லெட் வந்ததும் நெட்புக்கின் மவுசு போனது; நெட்புக்கும் குப்பைக்குப் போனது. வடசென்னையின் மற்ற பேட்டைகளிலிருந்து குப்பை கொடுங்கையூர்க் குப்பைமேட்டுக்கு லாரி ஏறி வரவேண்டும். கொடுங்கையூர்க்காரருக்கு அந்த அலைச்சலும் இல்லை.